கால் சனிக்கிழமை

மாயக்காளுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். போடி மலையில், குரங்கணிக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் பத்து வருஷம் பழம் எடுத்தவள். கங்காணி, கணக்கப்பிள்ளை, தோட்டத்துக்கு அரிசி ஏற்றி வரும் கழுதைக்காரன் என்று அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் கிடையாது. ஒருத்தன் மட்டும் தப்பினான். அவள் புருஷன் சுருளி. மலையிலிருந்து மூட்டை இறக்கிவிட்டு வருகிறவனுக்கு வெந்நீர் வைத்துக் கொடுப்பாள். அவன் சாப்பிட்டு எழுகிறவரை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். லயத்து வரிசையில் பக்கத்து வீட்டுப் பெண்கள் கேலி செய்வார்கள். "பாக்காட்டி உன் புருசன் கரைஞ்சா போயிருவான்?" என்பார்கள். அவர்களுக்கும் அவள் வாயில் ஒரு பங்கு கிடைக்கும். சுருளி மட்டும் சிரித்துக்கொண்டு பீடியைப் பற்ற வைப்பான்.

அந்தப் பீடிதான் வினை. ஒரு நாளைக்கு இரண்டு கட்டு. மலைக்குளிரில் சுமை தூக்குகிறவனுக்குப் பீடி சோற்றுக்குச் சமம் என்று எல்லோரும் நினைத்திருந்த காலம் அது.

ஐம்பத்தைந்தாம் வருஷம் ஆடியில் சுருளிக்கு வலது கெண்டைக்கால் பிடிக்க ஆரம்பித்தது. இருநூறு அடி நடந்தால் குறட்டால் பிடித்துத் திருகுகிற மாதிரி வலி. நின்றால் விட்டுவிடும். மறுபடி நடந்தால் மறுபடி பிடிக்கும். அடுத்த மாதம் பெருவிரல் நீலமாகி, நுனி கறுத்தது. சுருளியின் அண்ணன் அழகுமலைக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்காலுக்கு மேலே. தவணை தவணையாக அறுபட்டுத்தான் அவன் போய்ச் சேர்ந்தான். அறுத்த டாக்டர்களையும் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு அந்த நோய்க்கு அவ்வளவுதான் வைத்தியம்.

போடியில் ஏல வியாபாரிகள் சேர்ந்து கட்டிய பன்னிரண்டு கட்டில் ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அதற்கு டாக்டர் தேவசகாயம். ஒல்லியான மனிதர், கோபக்காரர், ஆனால் ஏழையைத் தொட்டுப் பார்க்கிறவர். அவர் சுருளியின் பாதத்தின் மேல் விரலை வைத்து நாடி பார்த்தார். இடது பாதத்தில் துடித்தது. வலது பாதத்தில் ஒன்றும் இல்லை.

"காலுக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கி அடைச்சுக்கிட்டு வருது. எல்லாம் நீ குடிக்கிற பீடி பண்ணுன சோலி" என்றார்.

மாயக்காள் அவர் காலில் விழுந்தாள். "அறுக்க வேணாங்கய்யா. இவுக அண்ணன இப்பிடித்தான் கொஞ்சங் கொஞ்சமா அறுத்துக் குடுத்தாக."

"எந்திரி முதல்ல. அது அப்போ. இப்போ மதுரைக்கு ஒரு டாக்டர் வந்திருக்கார். ரத்தக்குழாய் வைத்தியமே தனியாப் படிச்சவர். இடுப்புப் பக்கம் தெறந்து ஒரு நரம்பை வெட்டி விடுவார். குழாயை இறுக்கிப் பிடிக்கிறது அந்த நரம்புதான். வெட்டினா குழாய் கொஞ்சம் விரியும், காலுக்கு ரத்தம் போகும். கால் நிக்கும்."

காலைக் காப்பாற்ற இடுப்பை வெட்டுவார்களாம். நம்பவும் முடியவில்லை, நம்பாமலும் இருக்க முடியவில்லை. டாக்டரின் கடுதாசியை மடியில் முடிந்துகொண்டு, சண்டைக் காலத்தில் நிறுத்தி, அப்போதுதான் திரும்ப விட்டிருந்த மதுரை ரயிலில் புருஷனை ஏற்றினாள். போடியிலிருந்து அந்த ஆபரேஷனுக்குப் போன முதல் ஆள் சுருளி.

ஆபரேஷன் முடிந்த நான்காம் நாள், கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்த மாயக்காள் அவன் வலது பாதத்தைத் தொட்டாள். இரண்டு மாதமாகச் சில்லென்று கிடந்த பாதம் வெதுவெதுவென்று இருந்தது. சந்தேகப்பட்டுப் புறங்கையை வைத்தாள். பிறகு கன்னத்தை வைத்தாள். வார்டு முழுவதும் பார்க்க, அந்தப் பாதத்தைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். கறுத்த விரல்நுனி மட்டும் போயிற்று. கால் நின்றது.

வீட்டுக்கு அனுப்பும்போது மதுரை டாக்டர் இரண்டே விஷயம் சொன்னார். "பீடி, சுருட்டு, பொடி, வெத்தலைப் புகையிலை, எதுவும் வாய்க்கும் போகக்கூடாது, மூக்குக்கும் போகக்கூடாது. ரெண்டாவது, இந்தக் கால்ல ஒரு கடுகளவு புண்ணுகூட வரக்கூடாது. வந்தா ஆறாது. அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது." சொல்லிவிட்டு மாயக்காளைப் பார்த்தார். "நீதாம்மா பாத்துக்கணும்."

பார்த்துக்கொண்டாள். எந்தத் தாயும் பிள்ளையை அப்படிப் பார்த்திருக்க மாட்டாள். சுருளிக்குச் சுமை வேண்டாம் என்று கங்காணியிடம் சண்டை போட்டு, ஏலக்காய் காய வைக்கும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலையை வாங்கிக் கொடுத்தாள். தினமும் சாயங்காலம் அவன் வந்ததும் வாயை மோந்து பார்ப்பாள். அவனும் வாயைத் திறந்து அவள் மூஞ்சியில் உஃப் என்று ஊதுவான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து இருவருக்கும் இப்படி ஒரு விளையாட்டு கிடைத்தது. பீடி வாடை ஒரு நாளும் இல்லை. சுருளி சொன்னால் சொன்னதுதான்.

அடுத்த வருஷம் ஆனியில் மழை பிடித்தது. மழை வந்தால் மலையில் அட்டையும் வரும். புல் நுனியில், இலைச் சருகில், பாதைக் கல்லில் எங்கும் அட்டை நெளியும். கடித்தால் தெரியாது. குடித்துவிட்டு விழுந்த பிறகுதான் ரத்தம் நிற்காமல் ஒழுகும். சொறிந்தால் புண். மலைச்சனங்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். புகையிலையை ஊறவைத்துச் சுண்ணாம்போடு சேர்த்து அரைத்து, கணுக்காலைச் சுற்றித் தடவி, மேலே ஒரு துணியைச் சுற்றிக் கட்டுவார்கள். அட்டை கிட்டே வராது. பாட்டன் காலத்திலிருந்து எல்லோரும் செய்கிற காரியம். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

கடுகளவு புண்கூட வரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாரே. மாயக்காள் விடிந்ததும் சுருளியின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொள்வாள். மற்றவர்கள் லேசாகத் தடவினால் அவள் கெட்டியாகத் தடவுவாள். மற்றவர்கள் மத்தியானம் கழுவிவிடுவார்கள். அவள் மத்தியானம் புதிதாக இன்னொரு பூச்சுப் பூசுவாள். விரலிடுக்கில்கூட விடவில்லை. புகையிலை வாய்க்குப் போகக்கூடாது, மூக்குக்குப் போகக்கூடாது. காலில் பூசக்கூடாது என்று சொல்ல, பாவம், அந்த மதுரை டாக்டர் அட்டையைப் பார்த்திருந்தால்தானே!

ஐந்தாம் நாள் சுருளி சொன்னான். "லேசா எரியுது புள்ள."

"எரிஞ்சாத்தான் அட்டை அண்டாது. பொறுத்துக்க" என்றாள்.

ஒன்பதாம் நாள் துணியை அவிழ்த்தபோது கணுக்காலைச் சுற்றித் தோல் வெந்து உரிந்திருந்தது. கீழே பாதம் கறுத்துக் கிடந்தது. எங்கேயோ ஒரு அட்டை தப்பி உள்ளே புகுந்துவிட்டது என்றுதான் நினைத்தாள். அழுக்குக் காலோடு டாக்டர் முன்னால் போக வெட்கப்பட்டு, அதை நன்றாகக் கழுவி, வெள்ளைத் துணி சுற்றினாள். நாலு பேர் டோலி கட்டிக் குரங்கணிக்குத் தூக்கி வந்தார்கள். அங்கிருந்து போடிக்கு ஜீப்பு.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிறவர் பிச்சைமணி. சிவகங்கைப் பக்கத்துக்காரர், வேலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் காலைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது மாயக்காள் கஞ்சி வாங்கப் போனாள். திரும்பி வந்தபோது டாக்டர் தேவசகாயம் கட்டிலருகே நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"நல்லா இருந்த காலுய்யா இது! நெசத்தைச் சொல்லு. பீடி குடிச்சியா?"

கஞ்சிப் பாத்திரத்தோடு வந்து நின்ற மாயக்காளைச் சுருளி ஒரு பார்வை பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆமாங்கய்யா. ஒண்ணே ஒண்ணு குடிச்சேன்."

"எப்பய்யா குடிச்ச?" என்று கேட்டது மாயக்காள்.

"நீ தண்ணிக்குப் போயிருந்தப்ப."

அவள் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு அவன் நெஞ்சில் மாறி மாறிக் குத்தினாள். இரண்டு பேர் சேர்ந்து இழுத்துப் பிடிக்க வேண்டியதாயிற்று. மறுநாள் மதுரையில் முழங்காலுக்கு மேலே காலை எடுத்தார்கள்.

பன்னிரண்டு வருஷம் அவன்மேல் படாத வாய் அன்றிலிருந்து அவனுக்காகவே திறந்தது. மலை வாழ்க்கை முடிந்துபோயிற்று. தேவசகாயம் மனமிரங்கி ஆஸ்பத்திரியில் அவளை ஆயாவாகச் சேர்த்துக்கொண்டார், அவனை வாசலில் நோயாளிகளைச் சீட்டு வரிசையில் கூப்பிட வைத்தார். சோறு போடும்போது திட்டுவாள். ஊன்றுகட்டையை எடுத்துக் கொடுக்கும்போது திட்டுவாள். "ரெண்டு இழுப்புக்குக் காலை வித்த மனுசன்" என்று நோயாளிகள் முன்னாலேயே சொல்வாள். அவனைப் பார்த்துக்கொண்டு எதிரே உட்காருவது நின்றுபோயிற்று. அவன் ஒரு நாளும் பதில் பேசவில்லை. அவன் பேசாமலிருப்பதே அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பும்.

இதற்கிடையில் ஆஸ்பத்திரி வளர்ந்தது. பன்னிரண்டு கட்டில் முப்பதாயிற்று. கண்ணாடி ஜன்னல் போட்ட ஆபரேஷன் அறை வந்தது. ஐம்பத்தெட்டில், மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை மதுரை டாக்டரே போடிக்கு வர ஆரம்பித்தார். கம்பம், சின்னமனூர், தேவாரம் என்று எங்கெங்கிருந்தோ நொண்டிக்கொண்டு வருவார்கள். கறுத்த விரல், ஆறாத புண், நரம்பு சுருட்டிக்கொண்ட கெண்டைக்கால். அன்றைக்கு வாசலில் செருப்பைவிட ஊன்றுகோல் அதிகம் கிடக்கும். சனங்கள் அந்த நாளுக்குக் கால் சனிக்கிழமை என்று பேர் வைத்தார்கள். மதுரைக்கு அனுப்பாமலே அந்த இடுப்பு ஆபரேஷனை மதுரை டாக்டர் போடியிலேயே நாலு பேருக்குச் செய்தார். நாலு காலும் நின்றது.

கால் சனிக்கிழமைகளில் சுருளிக்கு இன்னொரு வேலையும் உண்டு. வரிசையில் இருப்பவர்களுக்கு எதிரே பெஞ்சில் அவனை உட்கார வைத்துத் தேவசகாயம் சொல்லுவார். "இந்த ஆளைப் பாருங்க. மதுரை போய் மீட்டுக்கிட்டு வந்த காலு. ஒரு பீடியில போச்சு. நீயே சொல்லுய்யா." சுருளி கையைக் கூப்பி, "ஆமாங்க, ஒரு பீடிதான்" என்பான். அந்தப் பக்கம் வாளியோடு போகிற மாயக்காள், "தின்ன சோத்துக்குத் துரோகம் பண்ணுன பய" என்று தன் பங்குக்குச் சேர்ப்பாள். பலபேர் அங்கேயே பீடிக்கட்டைக் குப்பையில் போட்டதும் உண்டு.

அந்த வருஷம் புரட்டாசியில் குரங்கணி மலையிலிருந்து தவசி என்று ஒருத்தன் வந்தான். மூன்று மாதத்துக்கு முன்னால் இதே போடியில் ஆபரேஷன் ஆனவன். கூட அவன் பெண்டாட்டி கருத்தம்மா. அவன் காலில் கணுக்காலைச் சுற்றி அழுக்குத் துணி. மதுரை டாக்டர் அதை அவிழ்க்க, மாயக்காள் பக்கத்தில் பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெந்து உரிந்த தோல். டாக்டர் குனிந்து முகர்ந்து பார்த்தார்.

"பீடி குடிச்சியா?"

"எங்க ஆத்தா மேல சத்தியமா இல்லீங்க."

"அப்போ புகையிலை வாடை எங்கிருந்து வருது?"

கருத்தம்மா பெருமையாகவே சொன்னாள். "நாந்தாங்கய்யா பூசிவிட்டேன். சுண்ணாம்பும் பொகையிலையும். புண்ணு ஆகாதுன்னீகளே, அட்டை கடிச்சுரக் கூடாதேன்னு."

டாக்டர் அவிழ்த்த துணியைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார். "சுண்ணாம்பு தோலை வேக வச்சிருச்சும்மா. ரத்தம் கம்மியா ஓடுற கால்ல அந்தப் புண்ணு எப்படி ஆறும்? போதாததுக்குப் புகையிலைச் சாறு புண்ணு வழியா உள்ளே இறங்கி, நான் விரிச்சு விட்ட குழாயை மறுபடி சுருக்குது. இவன் பீடியே குடிக்க வேண்டாம். நீ காலுக்கே ஊட்டி விட்டிருக்கே."

மாயக்காள் பேசினை மேஜைமேல் வைத்தாள்.

"அய்யா, எத்தனை நாள் பூசுனா கால் போகும்?"

"எதுக்குக் கேக்கறே?"

"நான் ஒம்பது நாள் பூசுனேன்."

பஞ்சு எடுத்துக்கொண்டிருந்த பிச்சைமணி அதை அப்படியே போட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"எனக்குத் தெரியும் தாயி" என்றார். "கட்டைப் பிரிச்ச அன்னிக்கே விரலிடுக்குல சுண்ணாம்பைப் பாத்தேன். வெந்துருக்கே, யாருய்யா இதைப் பூசுனதுன்னு கேட்டேன். உன் புருசன் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டான். வெளிய சொல்லாதீங்கண்ணே, அவளுக்குத் தெரிஞ்சா அன்னிக்கே செத்துருவான்னு அழுதான். அதுக்குள்ள டாக்டரய்யா வந்துட்டார். அவன் பீடின்னுட்டான். மலையில எல்லாரும் இதைப் பூசுவாகன்னு எனக்குத் தெரியாது தாயி. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன்."

சுருளியை நினைத்தால் ஒரு பக்கம் கோபம்கூட வருகிறது. ஒருத்தியைக் காப்பாற்ற அவன் சொன்ன பொய்யை ஒரு ஆஸ்பத்திரியே இரண்டு வருஷம் பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் தவசியின் காலில் யாரும் எதையும் பூசியிருக்க மாட்டார்கள். ஆனால் அதையெல்லாம் யோசிக்கிற ஆளா அவன்? அவனுக்கு உலகத்தில் தெரிந்தது ஒரே ஆள்தான். அந்த ஆள் கஞ்சிப் பாத்திரத்தோடு வாசலில் வந்து நின்றிருந்தாள்.

மாயக்காள் வெளியே வந்தாள். பெஞ்சில் சுருளி கையைக் கூப்பிக்கொண்டு, புதிதாக வந்த ஒருத்தனிடம் ஒரு பீடிதான் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவள் அவன் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"நீ பீடி குடிக்கலதான?"

"என்ன புள்ள திடுதிப்புன்னு?"

"அந்த நாளெல்லாம் தினம் சாயங்காலம் நான் உன் வாயை மோந்து பாத்தேன். வாடையே இல்ல. அது எனக்கு இம்புட்டு நாளா ஞாபகத்துக்கு வரலையே, பாவி! பிச்சமணியண்ணே எல்லாத்தையும் சொல்லிட்டாரு."

சுருளி அறைப்பக்கம் ஒரு தடவை பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "அவரு ஆயிரம் சொல்லுவாரு. பீடி குடிச்சது நானு. பாக்கை மென்னுட்டு வந்தேன், அதான் உனக்குத் தெரியல."

"என்னைய வையி. நான் வஞ்சதுல கால்வாசியாவது வையி."

"எனக்கு வையத் தெரியாது. எந்திரி, சனம் பாக்குது."

அவள் எழுந்திருக்கவில்லை. பெஞ்சிலிருந்து தொங்கிய அவனுடைய இடது காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். வரிசையில் இருந்தவர்களுக்கு எதுவும் புரியவில்லை. ஊன்றுகோல்களோடு நகர்ந்து இடம் விட்டார்கள்.

தவசிக்கு இரண்டு விரல்தான் போயிற்று, கால் பிழைத்தது. அந்த மாதமே மாயக்காள் லீவு கேட்டுக்கொண்டு மலைக்குப் போனாள். லயம் லயமாக ஏறி இறங்கி, ஆபரேஷன் ஆன காலில் சுண்ணாம்பும் புகையிலையும் பூசாதீர்கள், உப்பைத் துணியில் முடிந்து கம்பு நுனியில் கட்டிக்கொண்டு அட்டையைத் தட்டிவிடுங்கள் என்று சொன்னாள். எப்படித் தெரியும் என்று கேட்டவர்களிடம், என் புருசன் காலைத் தின்னது நான்தான் என்று மறைக்காமல் சொன்னாள். சொல்லச் சொல்ல மனசு ஆறும் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். ஆறவில்லை.

அவள் வாயும் அன்றோடு அடங்கியது. வீட்டில் மறுபடியும் அவன் எதிரே உட்கார்ந்து அவன் சாப்பிடுவதைப் பார்த்தாள். ஆனால் அவளுக்கு வேண்டியது வேறு. நீதான் பண்ணினாய் என்று அவன் ஒரு தடவை சொல்ல வேண்டும். சொன்னால் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கலாம். நீ ஒன்றும் பண்ணவில்லை என்கிறவனிடம் என்னவென்று மன்னிப்புக் கேட்பது? கெஞ்சிப் பார்த்தாள். பட்டினி கிடந்து பார்த்தாள். அவன் பேச்சை மாற்றவில்லை.

அடுத்த தையில் சுருளிக்கு நெஞ்சுச்சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. அதே ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தான். ஆறாம் நாள் மத்தியானம் மூச்சு வாங்கும்போது தேவசகாயம் அவளைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு வெளியே போனார். மாயக்காள் அவன் காதருகே குனிந்தாள்.

"இப்பவாவது சொல்லிட்டுப் போய்யா. நீதான் பண்ணுனன்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் பொழைக்கணுமில்ல?"

சுருளிக்குக் கண் திறக்க முடியவில்லை. உதடு அசைந்தது. அவள் காதை வாயோடு ஒட்டி வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணுதான் குடிச்சேன்" என்றான்.